சென்னகேசவன் செய்த ஒரே மோதிரம்

அருப்புக்கோட்டையில் புளியம்பட்டிப் பக்கம் தறி வைத்திருந்த சென்னகேசவனுக்குத் தன் கைகளைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அதில் பாதி நியாயமானது. அவர் நெய்த சேலையில் கரை கோணியதில்லை. தொல்லை கொடுத்தது மற்றப் பாதி. தறியில் தேர்ந்த கை எதிலும் தேர்ந்த கைதான் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் ஒருமுறை தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டு, அது வளரும்வரை தலைப்பாகையோடு திரிந்தார். இன்னொருமுறை வாசல் கதவுக்குக் கீல் மாற்றினார். அதன்பின் அந்தக் கதவை உள்ளே இருப்பவர்கள்தான் திறக்க முடிந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயும் போக முடியாமல் அவர் மனைவி சௌடம்மாள் ஒரு திருவிழாவைத் தவறவிட்டாள்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த வருஷத்தில் நூல் ரேஷன் கடுமையானது. நெசவாளர் சங்கத்தில் கிடைத்த கொஞ்ச நூலும் சாக்குத் தைக்கத்தான் லாயக்கு. சென்னகேசவனின் தறி நின்றது. தறி ஓடும்போது அவருக்குக் கை, கால், கண் மூன்றுக்கும் வேலை, வாய்க்கு ஓய்வு. தறி நின்றதும் இந்த ஏற்பாடு தலைகீழானது. உலகத்தில் சரியாக நடக்காத காரியங்களைப் பற்றி அவர் சமையலறை வாசலில் நின்று பேசத் தொடங்கினார். முதலில் வெள்ளைக்காரன் ஆட்சி, பிறகு ரசம்.

இந்த நேரத்தில்தான் மகள் சௌடேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜோதிலிங்கம் திருச்சுழியில் நூலுக்குச் சாயம் போடுகிறவன். தாய் தகப்பன் இல்லை. அத்தை பாலாமணி அம்மாள் வளர்த்த பிள்ளை. நல்ல பையன்தான், ஆனால் கோபக்காரன் என்று பேர். கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொள்வான். அரை மணியில் திரும்பி வந்து தட்டைத் தேடுவான். சௌடேஸ்வரி அவனைக் கோயில் திருவிழாவில் பார்த்திருந்தாள். அவளுக்கு இந்தக் கோபம் ஒரு பெரிய குறையாகப் படவில்லை. தட்டை எடுத்து மூடி வைத்தால் போயிற்று என்று நினைத்திருக்கலாம்.

சென்னகேசவன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுக்கும் தகப்பன் தன் தறியில் தானே நெய்த துண்டை மாப்பிள்ளையின் தோளில் போட வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது. கூடப் பிறந்தவன் நெய்ததும் ஆகாது. நல்ல நூல் இல்லாத காலத்தில் இது பெரிய சிக்கலாகிவிட்டது. நாள் குறிக்க வந்த அன்று பாலாமணி அம்மாள் அதற்கு ஒரு வழி சொன்னார். இரண்டு குடும்பமும் வீட்டில் பேசுவது கன்னடம். இங்கே தமிழில்தான் சொல்ல முடிகிறது.

"துண்டு இல்லேன்னா கல்யாணம் நின்னுருமா சம்பந்தி? கடையில ஒண்ண வாங்கிப் போடுங்க. தோளுக்கு என்ன தெரியும்?"

"தோளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அப்ப உங்க தோள்ல போட்டுக்கிடுங்க."

கூட்டம் சிரித்தது. பாலாமணி அம்மாள் அந்தப் பேச்சை விட்டுவிட்டு மடியிலிருந்து ஒரு பழைய வெள்ளி மோதிரத்தை எடுத்தார். அவருடைய அண்ணன், அதாவது ஜோதிலிங்கத்தின் தகப்பனார், போட்டிருந்தது. அவரும் கோபக்காரர். கோபம் தணிய வெள்ளியில் சந்திரகாந்தக் கல் பதித்துப் போடச் சொல்லி ஒரு சோசியர் சொல்லியிருந்தார். சாகும்வரை மோதிரம் அவர் விரலில் இருந்தது. கோபமும் சாகும்வரை இருந்தது. இதற்குப் பாலாமணி அம்மாளிடம் ஒரு விளக்கம் இருந்தது. மோதிரம் அடிப்பக்கம் தகடு வைத்து மூடியது, கல் விரலைத் தொடவே இல்லை, பிறகு எப்படி வேலை செய்யும்? ஒரு நம்பிக்கை பொய்த்துப்போனால் மனிதர்கள் நம்பிக்கையை விடுவது அபூர்வம். காரணத்தை மாற்றிக்கொள்வார்கள்.

"அதே கல்லு, அடியில திறந்தாப்புல, விரலைத் தொடுறாப்புல ஒரு மோதிரம் பண்ணி இவனுக்குப் போடணும். அப்பன் குணம் இவனுக்கும் இருக்கு" என்றார்.

"துண்டுக்குப் பதிலா அந்த மோதிரத்த நான் பண்ணுறேன். என் கையால" என்றார் சென்னகேசவன்.

சௌடம்மாள் வாசல் கதவைப் பார்த்தாள்.

"பண்ணுங்க" என்றார் பாலாமணி அம்மாள் கடைசியில். "ஆனா இது எங்கண்ணன் கல்லு. குடுத்தது குடுத்தபடி வரணும். ஒரு கீறல் விழுந்து வந்துச்சு, நான் சகுனம் பாக்குறவ, பையனுக்கு வேற எடம் பாத்துருவேன்."

எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். பாலாமணி அம்மாள் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற சௌடேஸ்வரியும் சிரிக்கவில்லை.

அப்போது அருப்புக்கோட்டையில் அந்த மாதிரி மோதிரம் செய்யத் தெரிந்தவர் ஐயாத்துரைப் பத்தர் ஒருவர்தான். வயது முப்பது இருக்கும். ரங்கூனில் ஒரு நகைப் பட்டறையில் வேலை பார்த்து, சண்டையில் ஊரே ஓடியபோது காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்தவர். அந்த நடையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். ரங்கூனில் கற்ற வேலையைப் பற்றிக் கேட்டால் பேசுவார். கல்லைச் சுற்றி மூடாமல், அடியிலும் அடைக்காமல், நான்கு சின்னக் கம்பிகள் மேலே எழும்பி வளைந்து கல்லைப் பிடித்திருக்கும். அந்தக் கம்பிகளை அவர் நகம் என்று சொல்வார். பருந்து கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி என்று விளக்குவார். இந்த உவமை வாடிக்கைக்காரர்களுக்குத் தைரியம் கொடுக்கவில்லை. ஊரில் எல்லோரும் மூடிய மோதிரமே கேட்டார்கள்.

சென்னகேசவன் விஷயத்தைச் சொன்னதும் ஐயாத்துரை, "கல்லக் குடுங்க செட்டியாரே, நானே செஞ்சு தாரேன். நீங்க செஞ்சதாச் சொல்லிக்கிடுங்க" என்றார்.

"அதுக்குக் கடையில துண்டே வாங்கியிருப்பேனே பத்தரே."

"என்னைவிடப் பத்து வயசு மூத்தவுக நீங்க. உங்கள நான் எப்படிக் கத்துக்கடான்னு அதட்டுறது?"

"அதட்டாமச் சொல்லிக்குடுங்க."

"அதட்டாம வராது இந்த வேல."

சென்னகேசவன் விடவில்லை. மறுநாளும் வந்தார். பட்டறைக்கு எதிரே உட்கார்ந்து, சுத்தியலை இப்படிப் பிடித்தால் கை வலிக்காதே என்று யோசனை சொன்னார். அடுத்தடுத்த நாள்களிலும் சொன்னார். ஒருநாள் ஐயாத்துரை பொறுக்க முடியாமல் ஊதுகுழலை எடுத்து நீட்டினார்.

"இத வாயில வைங்க."

"எதுக்கு?"

"கரி கனியணும். அத விடுங்க, இது வாயில இருந்தா உங்களால பேச முடியாது. அதான் முதப் பாடம்."

இப்படித்தான் கல்வி தொடங்கியது. சௌடம்மாள் தன் பழைய கொலுசில் அறுந்து கிடந்த ஒரு துண்டைக் கொடுத்தாள். பகல் முழுவதும் வீட்டில் அமைதி கிடைத்ததற்கு அது குறைந்த விலைதான். வெள்ளியை, அழுக்குப் பிரிய வெங்காரம் போட்டு உருக்கி, வார்த்து, தட்டி நீட்டுவதுவரை சென்னகேசவன் ஓரளவு சொன்னபடி செய்தார். கம்பி இழுக்கும் இடத்தில்தான் அவருக்குள் இருந்த நெசவாளி விழித்துக்கொண்டான். எஃகுத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைவரை வரிசையாக இருக்கும். கம்பியை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் வழியே இழுத்தால் ஒவ்வொரு துளைக்கும் அது மெலியும். மூன்றாவது துளையில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஐயாத்துரை காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது சென்னகேசவன் கடைசித் துளையையும் முடித்துவிட்டு, கம்பியை வெளிச்சத்தில் பிடித்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"நூறாம் நம்பர் நூல் மாதிரி வந்திருக்கு பாருங்க."

"நல்லா வந்திருக்கு. இத வச்சு என்ன செய்யப்போறீக?"

"நகம்."

"இது நகமில்ல, பூனை மீச. கல்லு தும்முனா வளைஞ்சுரும்."

வாழ்நாள் முழுவதும் மெல்லியதுதான் உயர்ந்தது என்று இருந்தவருக்கு, தடிமனாக இருப்பதும் ஒரு குணம் என்பது மனத்தில் ஏற நாளாயிற்று. கம்பியை மறுபடி உருக்கினார்கள். அடுத்தது, வளையத்தின் இரண்டு முனைகளை நெருப்பில் ஊதி ஒட்டவைப்பது. வெள்ளி சிவக்கும்போது ஊதுவதை நிறுத்த வேண்டும். சிவந்த வெள்ளி பளபளவென்று மின்னியதும் சென்னகேசவன் அழகில் மயங்கி இன்னும் இரண்டு மூச்சு ஊதினார். வளையம் சற்றுத் தளர்ந்து, உட்கார்ந்து, ஒரு உருண்டையாகிவிட்டது.

"மோதிரம் எங்க?" என்றார் ஐயாத்துரை.

சென்னகேசவன் உருண்டையைக் காட்டினார்.

"சரி. இதுக்குள்ளதான் இருக்கு. மறுபடியும் வெளிய எடுங்க."

கல் பதிக்கப் பழகுவதற்குச் சந்திரகாந்தத்தைத் தொட ஐயாத்துரை விடவில்லை. புளியங்கொட்டையை அரத்தில் தேய்த்து முட்டை வடிவமாக்கிக் கொடுத்தார். இங்கே சென்னகேசவன் செய்த தவறை வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள். தறியில் வேலை ஒரு கரையில் தொடங்கி மறு கரைக்குப் போகும். இடையில் எதையும் தாண்டக் கூடாது. அதே ஒழுங்கில் அவர் முதல் நகத்தை மடக்கினார், பக்கத்து நகத்தை மடக்கினார், அதற்கடுத்ததை மடக்கினார். கொட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்து, நான்காவது நகத்தைத் தொட்டதும் எகிறி ஐயாத்துரையின் நெற்றியில் பட்டது.

"ஒண்ண மடக்குனா அடுத்து அதுக்கு எதுத்தாப்புல இருக்கிறத மடக்கணும்" என்றார் ஐயாத்துரை நெற்றியைத் தடவிக்கொண்டே. "அதுவும் முழுசா இல்ல, கொஞ்சம். பிறகு மத்த ரெண்டு. பிறகு மறுபடியும் முதல்ல இருந்து. நாலும் ஒண்ணா வந்து உக்காரணும்."

"பாதியில விட்டுட்டு எதிர்ப்பக்கம் போறதா? வேல அரைகுறையால்ல நிக்கும்?"

"நிக்கட்டும். எல்லாம் அரைகுறையா நின்னாத்தான் கல்லு நேரா நிக்கும்."

இதைப் பத்தர் தத்துவமாகச் சொல்லவில்லை. நெற்றி வலியில் சொன்னார். சென்னகேசவனின் கைக்கு இது பிடிபடுவதற்குள் நிறையப் புளியங்கொட்டைகள் பட்டறை மூலைகளில் காணாமல் போயின. பழகச் செய்த செம்புக் கம்பி மோதிரங்களில் கொட்டை நின்றவற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்றைச் சௌடம்மாள் போட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். தெருக்குழாயில் ஒருத்தி, "என்ன அக்கா, வைரமா?" என்று கேட்டாள்.

"வைரம் தெறிச்சுப் போயிருமாம். அதான் புளியங்கொட்ட" என்றாள் சௌடம்மாள்.

மார்கழி பிறந்தது. தை முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். ஐயாத்துரை ஒருநாள் காலையில், இனிக் கல்லை எடுக்கலாம் என்றார். அதுவே அவரிடமிருந்து வந்த பாராட்டு. பழைய மோதிரத்தை மெல்லச் சூடாக்கி, உள்ளே இருந்த அரக்கை இளக்கி, கல்லை எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவினார்கள். பால் போன்ற கல்; அசைத்தால் உள்ளே நீலமாக ஒரு வெளிச்சம் நகர்ந்தது. சென்னகேசவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். ஒரு நகம் கொஞ்சம், எதிர் நகம் கொஞ்சம். பிறகு மற்ற இரண்டு. மறுபடியும் முதலிலிருந்து. அவர் வாய் மூடியிருந்தது, ஊதுகுழல் இல்லாமலே. கடைசியில் கல் ஆடாமல், சாயாமல் நின்றது.

எழுந்து வாசலுக்குப் போய் மோதிரத்தை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அடிப்பக்கம் திறந்திருந்ததால் வெளிச்சம் கல்லின் ஊடே வந்தது. கல்லுக்குள் ஒரு கோடு ஓடியது.

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சு போச்சு பத்தரே. எம்மக கல்யாணம் முடிஞ்சு போச்சு."

ஐயாத்துரை மோதிரத்தை வாங்கி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது உங்க வேல இல்ல செட்டியாரே. இப்ப விழுந்த கோடுன்னா வெள்ளையா இருக்கும். இதுக்குள்ள சிவப்பா அரக்கு ஏறியிருக்கு. பழைய மோதிரத்துல இருக்கையிலேயே விழுந்த கீறல். அடியில தகடு அடைச்சிருந்ததால யாருக்கும் தெரியல. பதிக்கிறதுக்கு முன்னாடியே நான் வெளிச்சத்துல பாத்திருக்கணும். எம்மேலயும் தப்பு."

சென்னகேசவனுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் கொஞ்ச நேரம்தான் நின்றது. பாலாமணி அம்மாளிடம் என்னவென்று சொல்வது? தகப்பனைப் போலத் தன்னை வளர்த்த அண்ணனைப் பற்றி அந்த அம்மாள் பேசும்போதெல்லாம் குரல் மாறும். அந்த அண்ணன் இத்தனை காலம் உடைந்த கல்லைப் போட்டிருந்தார் என்று சகுனம் பார்க்கிற தங்கையிடம் போய்ச் சொல்வதா?

மறுநாள் கணவனும் மனைவியும் திருச்சுழிக்குப் பஸ் ஏறினார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு எரிந்தது. கரிசல் காட்டு வழியில் அது நடப்பவனோடு போட்டி போட்டுக்கொண்டு போனது. சண்டை போட அவகாசம் தாராளமாக இருந்தது.

"அவுக கல்லு, அவுக கீறல். உள்ளதச் சொல்லுங்க" என்றாள் சௌடம்மாள்.

"செத்துப்போன மனுசன் வந்து பதில் சொல்ல முடியுமா? அவர் மேல எப்படிச் சொல்றது?"

"அப்ப உசிரோட இருக்குற மக என்ன செய்வா?"

"நான் கை தப்பிருச்சுன்னு சொல்லிக் கால்ல விழுறேன். மனசு இரங்கும்."

"அவுகளுக்கா? கால்ல விழுந்தா, விழுந்த தெசை நல்ல சகுனமான்னு பாப்பாக."

பாலாமணி அம்மாள் மோர் கொடுத்து உபசரித்தார். சென்னகேசவன் மோரைக் கீழே வைத்தார். உலகத்தில் சரியாக நடக்காத காரியங்களையெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிற மனிதருக்கு ஒரு வாக்கியம் வர அவ்வளவு நேரம் பிடித்தது.

"சம்பந்தியம்மா, கல்லுல ஒரு கோடு இருக்கு. என் கையிலதான் விழுந்துச்சு."

பாலாமணி அம்மாள் முகம் மாறவில்லை. மோதிரத்தை வாங்கிக்கொண்டு முற்றத்து வெயிலுக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த நகத்த மடக்கையில விழுந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று சென்னகேசவன் எதிர்பார்க்கவில்லை. "இது" என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"கோடு அந்தப் பக்கமில்ல ஓடுது?"

"அப்ப... அது."

"ரெண்டுல எது?"

சௌடம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, இவுகளுக்கு நெய்யத் தெரியும். மோதிரமும் எப்படியோ பண்ணிட்டாக. பொய்தான் வரல. அந்தக் கோட்டுக்குள்ள செவப்பு தெரியுதா பாருங்க. அது அரக்கு. பத்தர் கண்ணாடி வச்சுப் பாத்துச் சொன்னாரு, பழைய மோதிரத்துல இருந்தப்பவே விழுந்த கீறல்னு. உங்க அண்ணன் பேருக்கு ஒண்ணு வந்துரக் கூடாதேன்னு இவுக தம் மேல போட்டுக்கிடுறாக. எம்மக கல்யாணத்த நெனச்சு நான் சொல்லிட்டேன். நீங்க என்ன சொன்னாலும் சரி."

பாலாமணி அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்லில் ஓடிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சௌடம்மாள் தன் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"ஒருநாள் குழம்புல உப்பு இல்லேன்னு அண்ணன் அம்மிய ஓங்கிக் குத்துனாரு" என்றார் பாலாமணி அம்மாள் மெல்ல. "நான் பக்கத்துலதான் நின்னேன். கை வீங்கிப் போச்சு. எல்லாரும் கையத்தான் பாத்தோம். மோதிரத்த யாரு பாத்தா?"

அவர் கல்லை விரலால் தடவிப் பார்த்தார்.

"கோவத்த அடக்கக் குடுத்த கல்ல, அந்தக் கோவத்தாலேயே ஒடச்சுட்டாரு எங்கண்ணன்." அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சென்னகேசவன் பக்கம் திரும்பினார். "ஏன் சம்பந்தி, அவருக்காக மக கல்யாணத்த விட்டுருவீகளா?"

"அதத்தான் நான் பஸ்ஸுல பூராக் கேட்டுக்கிட்டு வந்தேன்" என்றாள் சௌடம்மாள்.

சென்னகேசவன் மோரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வாய் காலியாக இருந்திருந்தால் பதில் நீளமாக இருந்திருக்கும்.

"குடுத்தது குடுத்தபடி வந்திருக்கு" என்றார் பாலாமணி அம்மாள். "முகூர்த்தத்துல மாத்தம் இல்ல. இதே கல்லத்தான் இவன் போடணும்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, இங்க வா."

ஜோதிலிங்கம் சாயம் படிந்த கைகளோடு வந்து நின்றான்.

"உங்கப்பன் அம்மியக் குத்தி ஒடச்ச கல்லு இது. நீயும் குத்துவியா?"

அவன் மாமனாராகப் போகிறவரை ஒருமுறை பார்த்தான், மோதிரத்தைப் பார்த்தான். நன்றாக யோசித்துத்தான் சொன்னான்.

"கழட்டி வச்சுட்டுத்தான் குத்துவேன் அத்தை."

தை மாதம் கல்யாணம் நடந்தது. தோளில் துண்டு போடவில்லை. சென்னகேசவன் மாப்பிள்ளையின் விரலில் மோதிரத்தைத் தன் கையால் போட்டார். போடுவதற்குள் வியர்த்துவிட்டார், ஏனென்றால் அது மூட்டைத் தாண்ட மறுத்தது. விரலின் அளவை அவர் நூல் சுற்றி எடுத்திருந்தார். நூலைத் தொய்வாகப் பிடிக்க நெசவாளிக்குக் கை வராது. விளக்கெண்ணெய் தடவித்தான் இறக்க முடிந்தது.

நூல் மறுபடி வந்ததும் அவர் தறிக்குத் திரும்பினார். இன்னொரு மோதிரம் செய்யவில்லை. செய்த மோதிரத்தை அழகு என்று சொல்வது கடினம். நகங்களில் ஒன்று மற்றவற்றைவிடத் தடித்திருந்தது, வளையத்தில் ஒட்டிய இடம் தடவினால் தெரிந்தது. ஆனால் கல் விழவில்லை.

ஜோதிலிங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கோபம் வரும்போதெல்லாம் முதலில் மோதிரத்தைக் கழற்றப் பார்ப்பான். அது மூட்டில் சிக்கிக்கொள்ளும். திருகுவான், இழுப்பான், எண்ணெய் கேட்பான். சௌடேஸ்வரி எண்ணெய்க் கிண்ணத்தை அவசரப்படாமல் தேடி எடுத்து வருவாள். அது வருவதற்குள் எதற்காகக் கழற்ற வந்தோம் என்பதே அவனுக்கு மறந்திருக்கும்.

கல் விரலைத் தொட்டதால் வந்த குணம் என்று பாலாமணி அம்மாள் கடைசிவரை சொன்னார். என் கை ராசி என்று சென்னகேசவன் சொன்னார். சௌடேஸ்வரியிடம் யாரும் கேட்கவில்லை.